வீட்டுப்பாடம் யார் போனுக்கு வருது?

என் மகள் எட்டாம் வகுப்பு படித்த வருடம், சாரல் தொடங்கியதும் என்னைக் குற்றாலத்துக்குச் சீசன் டூட்டிக்கு அனுப்பினார்கள். நான் போலீஸில் ஏட்டு. வழக்கமாக வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் இருப்பவன். வீடு இலஞ்சியில் என்பதால் குற்றாலம் டூட்டி எனக்கு வசதிதான். மெயின் அருவியில் ஆண்கள் குளிக்கிற பக்கம், கம்பிக்கு அருகே என்னை நிறுத்தியிருந்தார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து வழுக்குகிறவர்களைப் பிடிக்க வேண்டும். தண்ணீருக்கு அடியில் நின்று படம் எடுக்கப் போகிறவர்களை விசில் ஊதி வெளியே கொண்டுவர வேண்டும். அருவியின் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழ ஆரம்பித்தால் ஒருவர் பாக்கி இல்லாமல் கரையேற்ற வேண்டும். இது தவிர இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. அது டூட்டி நோட்டில் இல்லாத வேலை.

சாயங்காலம் நாலரை மணி ஆனால் என் போன் துடிக்கத் தொடங்கும். மகளின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தமிழ் டீச்சர், கணக்கு சார், அறிவியல் டீச்சர் என்று ஒருவர் பின் ஒருவராக வீட்டுப்பாடத்தைப் போடுவார்கள். பள்ளியில் சேர்க்கும்போது படிவத்தில் ‘தந்தையின் கைபேசி எண்’ என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. என் எண்ணைக் கொடுத்தேன். மாற்றக் கேட்டபோது, அந்த எண்ணுக்குத்தான் எல்லாம் பதிவாகியிருக்கிறது, இனி மாற்ற முடியாது என்றார்கள். என் மனைவி வீட்டில் தையல் தைக்கிறாள். அவளிடம் இருப்பது பொத்தான் போன். பெரிய போன் வாங்கித் தருகிறேன் என்றால், “எனக்குப் பேசத்தான வேணும், பாக்கவா வேணும்” என்பாள்.

ஆகவே ஏற்பாடு இப்படி. பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட போனைத் தொப்பிக்கு அடியில் சாய்த்துப் பிடித்துப் படிப்பேன். பிறகு மனைவியின் எண்ணுக்குக் கூப்பிடுவேன். மகள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொள்வாள். அருவிச் சத்தத்தில் சாதாரணமாகப் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. கத்தித்தான் சொல்ல வேண்டும்.

“அறிவியல்! இதயத்தோட படம் வரைஞ்சு பாகம் குறிக்கணும்! ஆரிக்கிள் கீழ, வென்ட்ரிக்கிள் மேல!”

தலை நிறையச் சோப்பு நுரையோடு நின்ற ஒருவர், மதுரைக்காரர் போலிருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டே, “சார், மாத்திச் சொல்றீங்க. ஆரிக்கிள்தான் மேல” என்றார். அன்றைக்கு என் மகளின் இதயம் சரியாக இருந்ததற்கு அவர்தான் காரணம்.

என்னோடு நின்ற இளம் கான்ஸ்டபிள்கள் இரண்டு பேருக்கு இது நல்ல பொழுதுபோக்கு. நாலரை ஆனதும், “அண்ணாச்சி, பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாச்சா?” என்று பக்கத்தில் வந்துவிடுவார்கள். கணக்கில் முக்கோணம் வரும் நாட்களில் எனக்கு வியர்த்துவிடும். எந்த மூலையில் எந்த எழுத்து, எந்தக் கோடு எதற்கு இணை என்று ஒரு படத்தை வாயால் வரைந்து காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் தண்ணீர் அதிகமாக விழுந்தது. கூட்டத்தைக் கரையேற்றிக்கொண்டே, ‘ஒளிச்சேர்க்கை பற்றிப் பத்து வரி எழுதுக’ என்று கத்தினேன். மறுமுனையில், “என்னது? கேக்கல, எப்பா!” என்றாள். இன்னும் இரண்டு முறை கத்திவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டேன். மறுநாள் அவள் வகுப்பில் எல்லோரும் ஒளிச்சேர்க்கை பற்றி எழுதிக்கொண்டு போக, இவள் மட்டும் ஒலிபெருக்கி பற்றிப் பத்து வரி எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். கோயில் கொடை விழா, கல்யாண வீடு, தேர்தல் பிரச்சாரம் எல்லாம் அதில் இருந்தன. டீச்சர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டிவிட்டார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கோ கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“நீங்க சிரிக்கியளா? நாளைக்கு நீங்க வந்து எங்க கிளாஸ்ல உக்காருங்க. அப்பத் தெரியும்.”

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளும் இரண்டு நாளில் மறந்துவிட்டாள். அடுத்து நடந்ததைத்தான் மறக்கவில்லை.

முதல் மாதத் தேர்வு முடிந்து, வகுப்புக் குழுவில் மதிப்பெண் பட்டியலைப் போட்டார்கள். முதல் ரேங்கிலிருந்து கடைசி வரை பெயரும் மதிப்பெண்ணும் வரிசையாக இருந்தன. என் மகள் இரண்டாவது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அருவிக்கரையில் நின்றபடியே அந்தப் பட்டியலை ஸ்டேட்டஸில் வைத்தேன். அதோடு விட்டேனா? எங்கள் ஸ்டேஷன் ஆட்கள் இருக்கும் குழுவிலும் போட்டு, ‘மகள் இரண்டாம் இடம்’ என்று எழுதினேன். இன்ஸ்பெக்டர் உட்பட எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.

நான்கு நாள் கழித்து மகள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கேட்டதற்கு ‘ம்’, ‘ம்ஹும்’ அவ்வளவுதான். வீட்டுப்பாடத்தைச் சொன்னால் எழுதிக்கொண்டு வைத்துவிடுவாள். காரணத்தை மனைவிதான் சொன்னாள்.

“ஏங்க, அந்த மார்க் லிஸ்ட்ட உங்க ஸ்டேஷன் குரூப்புல போட்டியளா?”

“ஆமா. ஏன்?”

“கடைசிப் பேரு யாருன்னு பாத்தியளா?”

பார்க்கவில்லை. என் கண் இரண்டாவது வரியைத் தாண்டிக் கீழே போகவே இல்லை. கடைசிப் பெயர், என் மகளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிற பெண்ணுடையது. எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியின் தையல் மெஷினில் நூல் கோத்துக் கொடுக்கிற பிள்ளை. அவளுடைய தாய்மாமா எங்கள் ஸ்டேஷனில்தான் கான்ஸ்டபிள். பட்டியலைப் பார்த்தவர் நேரே அக்கா வீட்டுக்குப் போய், எல்லோரும் கூடியிருக்கும்போது, மருமகளை நிறுத்திவைத்து, “ஸ்டேஷன் பூரா உன் மார்க்கப் பாத்துட்டானுவ” என்று கத்தியிருக்கிறார். அந்தப் பிள்ளை இரண்டு நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. வந்த பிறகு பெஞ்ச் மாறி உட்கார்ந்துகொண்டாள்.

நான் மகளிடம் போனேன். தப்பு என் மேல் இல்லை என்று எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

“ஏட்டி, நானா லிஸ்ட் போட்டேன்? ஸ்கூல்லதான போட்டாவ?”

“அவிய போட்டது தப்பு. நீங்க அனுப்புனதும் தப்பு.”

“உன் மார்க்கத்தான நான் காட்டுனேன்?”

“என்னட்டக் கேட்டியளா?”

எத்தனையோ பேரை விசாரணை செய்திருக்கிறேன். ஒரு கேள்விக்குப் பதில் இல்லாதபோது எதிரில் இருப்பவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு என் முகம் அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

இதற்கிடையில் பள்ளிக்குப் புதிதாக ஒரு தலைமை ஆசிரியை வந்திருந்தார். வந்த சில வாரத்திலேயே, வருகைப் பதிவு, மதிப்பெண், வீட்டுப்பாடம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் செயலி ஒன்றைப் பள்ளியில் கொண்டுவரும் பேச்சு எழுந்தது. விற்க வந்தவர் ஆசிரியர்களுக்கெல்லாம் படம் போட்டு விளக்கினாராம். தலைமை ஆசிரியை கேட்டுவிட்டு, “பிள்ளைகளிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்” என்றாராம். பிள்ளைகளிடம் என்ன கேட்பது என்று விற்க வந்தவருக்குப் புரியவில்லை. ஆசிரியர்களில் பாதிப் பேருக்கும் புரியவில்லை.

ஆனால் அவர் சொன்னபடி செய்தார். ஆறாம் வகுப்பு முதல் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் இரண்டு பேரை மாணவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்கள் ஒரு சனிக்கிழமை கூடி, பள்ளியில் போன், ஸ்மார்ட் போர்டு, கம்ப்யூட்டர் அறை இவற்றையெல்லாம் எப்படிப் பயன்படுத்தினால் நல்லது என்று சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பில் துண்டுச் சீட்டில் எழுதி ஓட்டுப் போட்டார்கள். ஒரு பையனும் என் மகளும் தேர்வானார்கள். ஒலிபெருக்கிக் கட்டுரைதான் தனக்கு ஓட்டு வாங்கித் தந்தது என்று இன்றைக்கும் சொல்வாள்.

அன்றிலிருந்து அவள் ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். வகுப்பில் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டாள்: “உனக்கு வீட்டுப்பாடம் யாரு போனுக்கு வருது? அது எப்ப உன் கைக்கு வருது?”

பதில்களை அவள் அம்மாவிடம் வாசித்துக் காட்டியபோது நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சொல்லவில்லை, ஆனால் நான் கேட்கிற மாதிரிதான் வாசித்தாள். ஒருவனுக்கு அப்பா புனலூரில் பேக்கரி வேலை. வீட்டுப்பாடம் கேரளாவுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும். ஒருத்திக்கு அப்பா ராணுவத்தில், ராஜஸ்தான் பக்கம். அங்கே சிக்னல் கிடைக்கும் நாளில்தான் இவளுக்குக் கணக்கு கிடைக்கும். ஒருத்திக்கு அண்ணன் போன். அண்ணன் விளையாட்டை முடித்தால்தான் தருவான். ஒருவன் பக்கத்து வீட்டு அத்தையின் எண்ணைக் கொடுத்திருக்கிறான். அந்த அத்தை தொடர் பார்க்கும் நேரத்தில் கதவைத் தட்டினால் திட்டுவார். ஒருத்திக்கு மட்டும் அம்மாவின் போன் அம்மாவிடமே இருந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் ராத்திரி அவள் வீட்டுக்குத்தான் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்துக்குக் கூட்டம் கூடிவிடும்.

இதையெல்லாம் மனுவாக எழுத வேண்டும் என்று அவள் சொன்னதும் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. மனு எழுதுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அன்று டூட்டி முடிந்து வந்து, வெள்ளைத் தாள் எடுத்து, அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு எழுதி அவள் மேசையில் வைத்தேன். காலையில் எடுத்துச் சத்தமாக வாசித்தாள்.

“மேற்படி வகுப்பில் பயிலும் மேற்படி மாணவ மாணவியர், மேற்படி கைபேசியில் பெறப்படும் மேற்படி வீட்டுப்பாடத்தினால் மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகி…”

வாசித்து முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. பல நாளைக்குப் பிறகு என் முன்னால் அப்போதுதான் சிரித்தாள்.

“எப்பா, இது எஃப்.ஐ.ஆர். மாதிரி இருக்கு. டீச்சரப் புடிச்சு உள்ள வச்சிருவாவ.”

தாளைத் திருப்பித் தந்துவிட்டு, அவளே அவள் நோட்டில் எழுதினாள். நான் எட்டிப் பார்த்தால் கையால் மறைத்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு ஓய்வு நாள். மத்தியானம் அவளைக் கொண்டுவிடப் போனேன். வாசலில் நின்ற தலைமை ஆசிரியை, “பெற்றோர் பின்னால உக்காந்து கேக்கலாம். ஆனா பேசக்கூடாது. இன்னைக்குப் பிள்ளைங்க பேசுற நாள்” என்றார். நான்கைந்து பேர்தான் வந்திருந்தோம். ஸ்மார்ட் போர்டு மாட்டியிருந்த அறையில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தோம். முன் வரிசைகளில் பிள்ளைகள். ஓரத்தில் நாற்காலி போட்டு ஆசிரியர்கள்.

ஆரம்பத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து வந்த ஒரு சின்னப் பையன்தான் முதலில் எழுந்தான்.

“டீச்சர், நான் உக்காருற எடத்துல இருந்து போர்டு தெரியாது.”

அறிவியல் டீச்சர், “நீ கடைசி பெஞ்சா? முன்னால வந்து உக்காரு” என்றார்.

“இல்ல டீச்சர். நீங்க இங்கன வந்து உக்காந்து பாருங்க.”

டீச்சர் எழுந்து போய் நான்காவது பெஞ்சில் அவன் இடத்தில் உட்கார்ந்தார். மேற்குப் பக்க ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் போர்டின் மேல் அப்படியே விழுந்துகொண்டிருந்தது. அவர் தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார், பிறகு பாதி எழுந்து நின்றார்.

“ஒண்ணுமே தெரியலையே! வெள்ளையாத்தான் இருக்கு” என்றார்.

“ஸ்கூல் தொறந்ததுல இருந்து எங்களுக்கு அப்படித்தான் டீச்சர் இருக்கு” என்றான் அவன்.

டீச்சரே முதலில் சிரித்தார். அப்புறம் அந்த அறை வேறு மாதிரி ஆகிவிட்டது. கை மேல் கை உயர்ந்தது. படம் போட்டால் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்க விட வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள். கம்ப்யூட்டர் அறையில் எப்போதும் பையன்களே விசைப்பலகையைப் பிடித்துக்கொள்கிறார்கள், பெண்களுக்கு எட்டிப் பார்க்கிற வேலைதான் கிடைக்கிறது என்று ஒன்பதாம் வகுப்புப் பெண் சொன்னாள். பையன்கள் மறுத்தார்கள். “சரி, மவுஸ்ல எத்தன பட்டன் இருக்குன்னாவது எங்களுக்குத் தெரியணும்ல?” என்று அவள் கேட்டதும் அவர்களும் அடங்கினார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் கம்ப்யூட்டரில் விளையாட விட வேண்டும் என்று ஒருவன் கேட்டான். தலைமை ஆசிரியை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தவர் அதற்கு மட்டும் பேனாவை மூடினார். அறை முழுக்கச் சிரிப்பு.

என் மகள் எழுந்தாள். நோட்டைத் திறந்து, யார் யார் வீட்டில் போன் எங்கே இருக்கிறது என்று பெயர் சொல்லாமல் வாசித்தாள். புனலூர், ராஜஸ்தான், அத்தையின் தொடர் எல்லாம் வந்தன. “ஒரு வீட்டுல அப்பா அருவிக்கரையில நின்னு கத்துதாவ, மக ஒலிபெருக்கி பத்தி எழுதுதா” என்றபோது ஆசிரியர்களே கைதட்டினார்கள். நான் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, அது நான்தான் என்கிற மாதிரிச் சிரித்துக்கொண்டேன்.

“வீட்டுப்பாடத்தக் கடைசி மணி அடிக்கதுக்கு முந்தி போர்டுல எழுதிப் போட்டாப் போதும் டீச்சர். நாங்களே பாத்து எழுதிக்கிடுதோம். அன்னைக்கு லீவு போட்டவங்களுக்கு மட்டும் போன்ல அனுப்புங்க” என்றாள். பிறகு பக்கத்தைப் புரட்டினாள். குரல் கொஞ்சம் இறங்கியது.

“மார்க் லிஸ்ட்ட குரூப்புல போடாதிய டீச்சர். எங்க மார்க்க எங்ககிட்டத் தாங்க.”

கணக்கு சார் உடனே பேசினார். அவர் மோசமான மனிதர் இல்லை. பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர். “லிஸ்ட்டப் போட்டாத்தான் வீட்டுல கவனிக்காவ. அடுத்தவன் மார்க்கப் பாத்தாத்தான் நீங்க படிப்பிய” என்றார்.

“அது படிக்கதுக்கு உதவல சார். அடிக்கதுக்குத்தான் உதவுது” என்றான் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன்.

யாரும் சிரிக்கவில்லை. தலைமை ஆசிரியை என் மகளைப் பார்த்து, “ஏதாவது நடந்துச்சாம்மா?” என்று கேட்டார்.

“ஒரு லிஸ்ட் வெளிய போயிருச்சு டீச்சர். அதப் பாத்து ஒரு பிள்ளைய வீட்டுல எல்லார் முன்னாலயும் ஏசிட்டாவ. ரெண்டு நாள் அவ ஸ்கூலுக்கே வரல.”

“யாரு வெளிய அனுப்புனா?”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நோட்டையே பார்த்துக்கொண்டு, “அது வேண்டாம் டீச்சர். எல்லா வீட்டுலயும்தான் அனுப்புதாவ” என்றாள்.

சற்று முன்னால் அருவிக்கரை அப்பா நான்தான் என்று பக்கத்திலிருந்தவரிடம் பெருமையாகச் சிரித்தவன் நான். இப்போது சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. கையைத் தூக்கினேன்.

“பெற்றோர் பேசக்கூடாதுன்னு சொன்னேனே” என்றார் தலைமை ஆசிரியை.

“ஒரே ஒரு வார்த்த டீச்சர். அனுப்புனது நான்தான்.”

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. என் மகளின் தலை மட்டும் திரும்பவில்லை. நோட்டை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். நான் நின்றுகொண்டே, என் மகள் மார்க்கைக் காட்டுகிற ஆசையில் மற்ற பிள்ளைகளின் பெயரையும் ஊருக்குக் காட்டிவிட்டேன், யாரிடமும் கேட்கவில்லை, தப்புதான் என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வழக்கமாக நான் கேட்டு எழுதுகிற வாக்குமூலத்தை அன்றைக்கு நானே கொடுத்தேன்.

அதற்குப் பிறகு பட்டியலைப் பற்றி விவாதமே நடக்கவில்லை.

வெளியே வந்ததும் மகள் என் பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு, “எல்லார் முன்னாலயும் ஏம்ப்பா சொன்னிய? எனக்குக் கூச்சமாப் போச்சு” என்றாள்.

“வருத்தமா?”

“வருத்தம் இல்ல. கூச்சம்தான்.”

தென்னந்தோப்பைத் தாண்டும்போது, “அவ வீட்டுக்குப் போலாமா?” என்று அவளே கேட்டாள். போனோம். அந்தப் பிள்ளை வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காவல் நிலையத்தில் எத்தனையோ பேரை மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறேன். அது இவ்வளவு சிரமம் என்று அப்போதுதான் தெரிந்தது.

“அம்மா, உன் மார்க்க நான் அனுப்பியிருக்கக் கூடாது. தப்பாப் போச்சு” என்றேன்.

அவள் ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு கேட்டாள்: “மாமா, எங்க மாமாவ அந்த குரூப்புல இருந்து தூக்கிருவியளா?”

“அது என்னால முடியாதும்மா. அதுக்கு அட்மின் இன்ஸ்பெக்டரு.”

அவள் சிரித்துவிட்டாள். என் மகளும் சிரித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து மிச்சத் துணியைக் காயப்போட்டார்கள். நான் மறுநாள் அவளுடைய தாய்மாமாவைக் கூப்பிட்டுப் பேசினேன். முதலில் விறைத்தார், பிறகு, “நானும் கொஞ்சம் கூடுதலாத்தான் பேசிட்டேன் அண்ணாச்சி” என்றார். திங்கள்கிழமை அந்தப் பிள்ளை பழைய பெஞ்சுக்கே திரும்பிவிட்டாள்.

அடுத்த வாரமே பள்ளியில் முடிவுகளை அறிவித்தார்கள். வீட்டுப்பாடம் கரும்பலகையில் எழுதப்பட்டது. விடைத்தாள் அவரவர் கையில் கொடுக்கப்பட்டது. ஸ்மார்ட் போர்டுப் பாடங்களைக் காலைப் பீரியடுக்கு மாற்றினார்கள். கம்ப்யூட்டர் அறையில் ஒரு நாள் பெண்கள், ஒரு நாள் பையன்கள் விசைப்பலகை பிடிப்பது என்று ஆனது. செயலியையும் வாங்கினார்கள். ஆனால் அதில் ‘தந்தையின் எண்’ என்ற கட்டத்துக்குப் பதிலாக, ‘வீட்டில் மாணவருக்கு எட்டும் எண்’ என்று போடச் சொன்னார்கள். பிள்ளைகளைக் கேட்காமல் அவர்கள் படத்தை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மாணவர் குழு மாதம் ஒரு முறை கூடுவது என்றும் வைத்தார்கள்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. ஸ்மார்ட் போர்டை முறை வைத்து மாணவர்களே இயக்கலாம் என்று விட்டதில், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பாதுகாப்புக்காகக் கடவுச்சொல் ஒன்றைப் போட்டுவிட்டு, அதை மறந்துவிட்டான். மூன்று நாள் போர்டு யாருக்கும் திறக்கவில்லை. கணக்கு சாருக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம். “பிள்ளைங்ககிட்டக் கேளுங்க, கேளுங்கன்னியளே, இப்ப கேளுங்க” என்று தலைமை ஆசிரியையிடமே சொன்னாராம். கேட்டார்கள். மாணவர் குழு கூடி, கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி ஆபீஸ் பீரோவில் வைப்பது என்றும், போர்டைத் தொடுவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு நாள் பழகிக்கொள்வது என்றும் அவர்களே விதி போட்டார்கள். மறந்த பையனைத்தான் அந்தப் பழக்க வகுப்புக்குப் பொறுப்பாக்கினார்கள். ரொம்பக் கண்டிப்பானவன் என்று கேள்வி.

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் கொடுத்த அன்று எனக்குக் காலை டூட்டி. நான் நான்கு மணிக்கே வீட்டில் இருந்தேன். மகள் வந்து பையை வைத்தாள், முகம் கழுவினாள், காபி குடித்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று நான் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தேன். அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

“கணக்குப் பேப்பர் தந்தாச்சு. நானே சொல்லுதேன். கொஞ்ச நேரம் ஆகட்டும்.”

“சரி” என்றேன். செய்தித்தாளை எடுத்துப் படித்த பக்கத்தையே மறுபடி படித்தேன். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாளை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே தப்பு விட்டாள், எந்தக் கணக்குக்கு நேரம் போதவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு மார்க்கைச் சொன்னாள். நான் எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவு. ஆனால் அதைக் கேட்கிறபோது எனக்குக் கோபமே வரவில்லை. எந்த இடத்தில் சறுக்கினாள் என்று முழுக்கத் தெரிந்த பிறகு எதற்குக் கோபப்படுவது?

“யார்ட்டயாவது சொல்லலாமா?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள்.

“அம்மாட்ட மட்டும் சொல்லுங்க.”

உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றது. “எனக்கு நாலரைக்கே தெரியும்” என்றாள் என் மனைவி. மகள் என்னைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு முதலில் சொல்லாததற்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்ததை நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.